மூட்டையில் ஏன் 26 கிலோ?

தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் காலங்காலமாக 25 கிலோவாக வந்துகொண்டிருந்த சிப்பம், சில ஆண்டுகளுக்கு முன் 26 கிலோவாக மாறியது. ஒரு கிலோ கூடுதலாகக் கொடுக்கிறார்கள் போல என்று தோன்றும். விலையைக் கேட்டால், அந்த ஒரு கிலோவுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள் என்பது தெரியும். மாற்றத்துக்குக் காரணம் வரி. பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆனால் 25 கிலோ வரையிலான பைகளுக்குத்தான் அந்த வரி. அதைத் தாண்டிய மூட்டைக்குக் கிடையாது. ஆகவே ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டினார்கள்.

கிலோ 60 ரூபாய் அரிசி என்றால், 25 கிலோவுக்கு 1,500 ரூபாய். வரி சேர்ந்தால் 1,575. 26 கிலோ சிப்பமோ 1,560. ஒரு கிலோ அதிகம் கிடைத்தும் 15 ரூபாய் குறைவு. மூட்டையைப் பிரித்து, கேட்ட அளவுக்கு எடைபோட்டுக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் இந்த வரி இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சிப்பம் தேவையில்லை; அண்ணாச்சி கடையில் ஐந்து கிலோ நிறுத்து வாங்கினாலே போதும். அழகான பையில் ஒட்டி வரும் ஐந்து கிலோவுக்குத்தான் வரியும், பைக் காசும், விளம்பரக் காசும் சேர்கின்றன.

மளிகைச் செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சாப்பாட்டில். பருப்பைக் குறைப்பார்கள், பிள்ளைகளுக்கு வாங்கும் பழத்தை நிறுத்துவார்கள். அது தவறு. அதே பொருளை, அதே அளவில் வாங்கிக்கொண்டே மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. அந்த வழி பையின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஒரு கிலோ எண்ணெய் வாங்கினால் கிட்டத்தட்ட 1.1 லிட்டர் கிடைக்கும். செக்கு எண்ணெய்க் கடை ஒன்று கிலோ கணக்கிலும் இன்னொன்று லிட்டர் கணக்கிலும் ஒரே விலை சொன்னால், கிலோ கணக்கில் விற்பவரிடம் வாங்குவதே லாபம். லிட்டர் கணக்கில் வாங்கினால் 90 கிராம் குறையும்.

பாக்கெட் எண்ணெயில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. எண்ணெய் சூடானால் விரியும். 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு, எடையில் குறைத்து அடைக்கும் வழக்கம் சில நிறுவனங்களிடம் இருந்தது. வெப்பநிலையைப் போட்டு அளவு சொல்லாதீர்கள் என்று 2022-ல் மத்திய நுகர்வோர் துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதே காலகட்டத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்ற பொருள்களை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் நீக்கப்பட்டது. இப்போது 750 கிராம், 800 கிராம், 850 கிராம் என எந்த அளவிலும் பாக்கெட் வரலாம். பார்வைக்கு எல்லாம் 'ஒரு லிட்டர்' பாக்கெட் போலத்தான் இருக்கும்.

ஓர் உதாரணம். ஒரு பாக்கெட் 910 கிராம், விலை 150 ரூபாய். பக்கத்திலேயே இன்னொன்று, 750 கிராம், 132 ரூபாய். கை தானாக இரண்டாவதை எடுக்கும். 18 ரூபாய் குறைவு அல்லவா? கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 165 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது 176. மாதம் நான்கு கிலோ எண்ணெய் செலவாகும் வீட்டில் இது 44 ரூபாய். எண்ணெயில் மட்டும்.

கடையில் நின்று வகுத்தல் கணக்குப் போட யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கணக்கைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. அளவுக் கட்டாயத்தை நீக்கியபோது, அதற்கு ஈடாக அலகு விலையை அச்சிடச் சொன்னார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு என்ன விலை, அதற்கு மேற்பட்டதில் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே இருக்கும். திரவமானால் மில்லிக்கு, லிட்டருக்கு. கிராமுக்கு 0.18 ரூபாய் என்று போட்டிருந்தால் புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் தள்ளுங்கள்: கிலோ 180 ரூபாய். பக்கத்துப் பாக்கெட்டில் 0.21 என்றால் 210. மூக்குக்கண்ணாடி வேண்டியிருக்கலாம், மூளையைக் கசக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. என்பது விற்கக்கூடிய உச்ச விலை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம். அதற்குக் கீழே கொடுக்கத் தடையில்லை. மாதாமாதம் ஒரே கடையில் சீட்டுப் போட்டு வாங்குபவர் கேட்டால் அண்ணாச்சி குறைப்பார்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் இந்த எண்ணை வைத்துச் சோதிக்க வேண்டும். ஷாம்பு நல்ல உதாரணம். சாஷே என்ற சின்னப் பொட்டலத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன் அந்த முறையின் முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைச் சாஷேயில் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். இன்றும் பல ஷாம்புகளில் மில்லிக்கு மில்லி பார்த்தால் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. ஐந்து மில்லி சாஷே ஒரு ரூபாய் என்றால் மில்லி 20 பைசா. அதே கம்பெனியின் பாட்டில் 100 மில்லி 70 ரூபாய் என்றால் மில்லி 70 பைசா. அளவும் மீறாது, பாட்டிலைக் கவிழ்த்தால் எவ்வளவு விழும் என்பது பிள்ளைகள் கையில் இருக்கிறது. ஆனால் எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. காபித்தூள், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் அலகு விலையைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலும் கவனம் தேவை. அதில் விலை ஏறாது. உள்ளே இருக்கும் கிராம்தான் குறைந்துகொண்டே வரும்.

சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற பொருள் 105 ரூபாய்க்கு வரவேண்டிய கணக்கு இது. வாங்கும்போது பழைய விலையும் புதிய விலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, வருடச் சாமான். பாட்டிமார்கள் மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கி, சித்திரை வெயிலில் மொட்டை மாடி நிறையப் பரப்பிக் காயவைத்தது வெறும் பழக்கம் அல்ல. அறுவடைக் காலம் அதுதான். மல்லி தை, மாசியில் வரும். ராமநாதபுரத்து முண்டு மிளகாய், ஈரோட்டு மஞ்சள், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளி எல்லாம் மாசிக்குப் பிறகு சந்தைக்கு வரத்தொடங்கும். புதுத் துவரை மார்கழி முதல் பங்குனி வரை வரும். நெல் அறுத்த டெல்டா வயல்களில் விதைத்த உளுந்து பங்குனி வாக்கில் கைக்கு வரும். வரத்து அதிகமாக இருக்கும்போது வாங்குபவருக்கு விலையும் வசதி, தரமும் வசதி. ஐப்பசி மழையில் போய்ப் புளி கேட்டால், கிடங்கு வாடகையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

புளியில் ஒரு கணக்கு கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். கொட்டைப் புளி கிலோ 90 ரூபாய், கொட்டை எடுத்த புளி 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 70 ரூபாய் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஐந்து கிலோ கொட்டைப் புளியை வாங்கி, ஒரு நாள் வெயிலில் போட்டு, முற்றத்தில் கல்லை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி, கொட்டையை நீக்கி, நாரை உருவி எடுத்த பின் நிறுத்துப் பார்த்தால் மூன்று கிலோ இருக்கும். 450 ரூபாய்க்கு மூன்று கிலோ. அதாவது கிலோ 150. ஒரு பகல் முழுக்க விரல் கன்றிப்போக உட்கார்ந்ததற்கு மிச்சம் 30 ரூபாய். இதற்குக் கொட்டை எடுத்த புளியையே வாங்கலாம். அந்த நேரத்தில் மிளகாய், மல்லியைக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்தால் அதைவிட லாபம். பாக்கெட் மசாலாவின் அலகு விலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாங்கிய புளியைக் கல் உப்புத் தூவி, பீங்கான் ஜாடியில் காற்றுப் புகாமல் அழுத்தி வைத்தால் ஆண்டு முழுக்கக் கெடாது. நிறம் கறுக்கும். அது இயல்பு, பயந்து கொட்டிவிட வேண்டாம். அரிசியில் காய்ந்த மிளகாயோ வசம்போ நிழலில் உலர்த்திய வேப்பிலையோ போட்டு வைத்தால் வண்டு அண்டாது. பூச்சி பிடித்துக் கொட்டும் பருப்பு, கடையில் குறைத்து வாங்கிய லாபம் அத்தனையையும் கொண்டுபோய்விடும். அதனால் காயவைக்க இடமும் மூடி வைக்கப் பாத்திரமும் இல்லாத வீடுகள் வருடச் சாமான் வாங்கவே கூடாது. இரண்டு மாதத்துக்கு வாங்கினால் போதும்.

கௌரவத்தால் இழக்கும் பணம் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கடையில் இருக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தமிழ்நாட்டில் கொடுக்கிறார்கள். வெளியே இவை ஒவ்வொன்றும் நூறு ரூபாயைத் தாண்டும். இரண்டையும் வாங்கினாலே மாதம் 145 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். ஆண்டுக்கு 1,700 ரூபாய்க்கு மேல். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசி இலவசம். சாப்பாட்டுக்கு அந்த அரிசி பிடிக்காதவர்கள்கூட இட்லி மாவுக்குப் புழுங்கலை ஊறப்போடுகிறார்கள். வரிசையில் நிற்க வெட்கப்பட்டு அட்டையை அலமாரியில் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் ஒரு முறை யோசிக்க வேண்டும். அட்டையோடு இணைத்த கைபேசிக்கு, பில் போட்டதும் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். சொல்ல வேண்டும், அது அடுத்தவர் பங்கையும் காப்பாற்றும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அன்றன்றைய விலையை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அடையாள அட்டை பெற்ற விவசாயிதான் கடை போடுவார். காலையிலேயே போகிறவர்களுக்குத்தான் நல்ல காய். தொலைவில் இருப்பவர்கள் தினமும் போனால் பெட்ரோல் செலவில் லாபம் கரையும்; வாரம் இரண்டு நடை போதும். போக முடியாதவர்கள் அந்த விலைப் பலகையைத் தெரிந்துகொண்டாலே, தெருவில் வரும் வண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று தெரிந்துவிடும்.

பாலில் அட்டை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டின் சில்லறை விலை லிட்டர் 60 ரூபாயாக உயர்ந்தபோது, மாதாந்திர அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாயாகவே இருந்தது. தினம் ஒரு லிட்டர் வாங்கிய வீட்டில் ஒரு மாதத்துக்கு 420 ரூபாய் வித்தியாசம். முன்பணம் கட்ட மாதத் தொடக்கத்தில் கையில் காசு வேண்டும் என்பதுதான் தடை. சம்பளம் வந்ததும் முதல் செலவாக இதை வைத்துக்கொண்டால் தடை நீங்கும். உங்கள் பகுதியில் அட்டை எந்த வகைப் பாலுக்கு, என்ன விலையில் கிடைக்கிறது என்று ஆவின் மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் நிறம் கொழுப்பின் அளவைச் சொல்கிறது. நீலத்தில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6. காபிக்கும் மோருக்கும் ஒரே பால் தேவையில்லை. வளரும் பிள்ளைக்குக் கொடுக்கும் பாலில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையும் பல வீடுகளில் மளிகை போல மாதச் செலவாகிவிட்டது. மருந்தின் மூலப்பெயரைச் சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விலை விசாரிக்கலாம். மாத்திரையை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

அடுப்பங்கரைக்குள் வருவோம். வீட்டு சிலிண்டரில் இருக்க வேண்டிய வாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையில் அந்த எடையைப் பொறித்திருப்பார்கள். அதோடு 14.2-ஐக் கூட்டினால் நிறை சிலிண்டரின் எடை. 15.8 கிலோ என்று பொறித்திருந்தால் தராசு 30 கிலோ காட்ட வேண்டும். கொண்டுவரும் தம்பியிடம் நிறுத்துக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. சண்டை போட வேண்டியதில்லை. 'தம்பி, தராசு இருக்கா? ஒரு தடவை தூக்கிக் காட்டுப்பா' என்றால் போதும். பில்லில் போட்டிருக்கும் தொகையில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் அடக்கம். மூன்று மாடி தூக்கி வந்தவருக்கு மனம் உவந்து பத்து ரூபாய் கொடுப்பது வேறு.

அரிசியைத் திறந்த பாத்திரத்தில் வடிப்பதற்குப் பதில் குக்கரில் வைத்தால் எரிபொருள் 20 சதவீதம் மிச்சமாகும், ஊறவைத்த கடலைப் பருப்புக்கு 46 சதவீதம் என்பது பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. இரண்டையும் அடுக்குப் பாத்திரத்தில் ஒன்றாக வைத்தால் இன்னும் குறையும். கொதி வந்த பிறகும் தீயை முழுதாக எரியவிட்டால் பருப்பு சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் வற்றும். தீ நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் அதனால்தான். பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாகக் கரண்ட் பில். ஒரே ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் முடித்த வீட்டுக்கு அடுத்த 100 யூனிட் தலா 2.25 ரூபாய், அதற்கடுத்த 200 யூனிட் 4.50, கடைசி 100 யூனிட் 6 ரூபாய். மொத்தம் 1,725. ஆனால் 501-வது யூனிட் ஓடிவிட்டால், 2.25 ரூபாய்ச் சலுகை போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 501-வது யூனிட் 8 ரூபாய். பில் 1,958. பிறகு கட்டணங்கள் சற்று மாறினாலும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை பறிபோகும் அமைப்பு இதுதான்.

அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஒரு மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். 27 யூனிட்தான் ஆகும். இரண்டு விசிறியை மாற்றினால் 80 யூனிட் குறையும். 520, 540 யூனிட் வரும் வீடு 500-க்குள் இறங்கிவிடும். ஏ.சி. வைத்திருப்பவர்கள் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரம் 6 சதவீதம் வரை குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் அலுவலகத்தின் கணக்கு.

இதற்கெல்லாம் பில் வரும்வரை காத்திருக்கக் கூடாது. கணக்கெடுத்துவிட்டுப் போன நாளில் மீட்டரில் இருந்த எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சரியாக 30-வது நாள் மறுபடி பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த 30 நாளில் குறைக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.